பெரட்டுக் களமும் பெட்ரோல் கணக்கும்

உழைப்பவனுக்குக் கூலி உண்டு என்பதை மறுப்பார் இன்று எவருமிலர். ஆனால், அவ்வுழைப்பைச் செலுத்தும் இடத்தை அடைவதற்காக அவன் நாடோறும் கடக்கும் வழிக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேட்டால், வாய் திறப்பாரும் எவருமிலர். முதலாளி, "அஃது உன் வீட்டுக் காரியம்" என்கிறார். அரசாங்கம், "எண்ணெய் விலையில் உனக்குச் சலுகை தந்திருக்கிறோமே" என்கிறது. தொழிலாளியோ இவ்விரண்டையும் கேட்டுக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்புகிறான். இந்தக் கணக்கிலே பிழை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதும், பெரட்டில் பேர் வாசிப்பதும், கூலியைக் கூட்டிப் பார்ப்பதும் என் தொழில். ஆகவே, அலங்காரப் பேச்சை விடுத்துக் கணக்கைக் கொண்டே வாதிடுவேன்.

வழிக் கணக்கு

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (2007-ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஏடுகளில் அதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்) ஷா ஆலாம் தொழிற்பேட்டைக்கோ, கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கோ வேலைக்குச் செல்லும் நம் இளைஞன் ஒரு வழிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டுகிறான். போக வர 80. மாதத்துக்கு 26 நாள் வேலையென்று கொண்டால் 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சிறு மோட்டார் சைக்கிளானால் 52 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பழைய காரானால் 173 லிட்டர் வேண்டும். லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற சலுகை விலையிலேயே கணக்கிட்டாலும், முன்னவனுக்கு 103 வெள்ளியும், பின்னவனுக்கு 344 வெள்ளியும் ஆகின்றன. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் காரோட்டி வருபவன் ஐந்தில் ஒரு பங்கைச் சாலையிலேயே கொட்டிவிட்டு வருகிறான். சாலைச் சுங்கம், டயர், சங்கிலி, எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவேயில்லை.

பணம் போனால் போகட்டும்; நேரத்தைப் பாருங்கள். ஒரு வழிக்கு ஒரு மணியென்றால் மாதத்துக்கு 52 மணி நேரம். சட்டப்படி ஒரு வாரத்தின் வேலை நேரமே 45 மணிதான். அதாவது, ஒவ்வொரு மாதமும் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பைத் தொழிலாளி சாலைக்குத் தானமாகக் கொடுக்கிறான். இத்தானத்தின் பலனை அனுபவிப்பவர் முதலாளி. ஆனால் எந்தச் செக்ரோலிலும் அதற்கு ஒரு பத்தி இல்லை.

எண்ணெய் விலையேற்றம் இந்நாட்டுக்குப் புதுமையன்று. 2008-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், ஒரே இரவில் பெட்ரோல் விலை 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்குத் தாவியதை நம்மவர் மறந்திரார். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல் 'புடி 95' என்னும் திட்டம், ரோன் 95 பெட்ரோலைக் குடிமக்களுக்கு 1 வெள்ளி 99 காசுக்குக் கொடுத்து, ஏனையோருக்கு 2 வெள்ளி 60 காசு என்று விலை நிறுத்தியது. குடிமகனுக்கு 6 காசு குறைந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அச்சலுகையைப் பெற மைகார்டு வேண்டும். செல்லுபடியாகும் லைசென்சும் வேண்டும். தோட்டத்திலே பிறந்து, தோட்டத்திலே உழைத்து, இன்னும் சிவப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நம் முதியவர்களுக்கும், பிறப்புப் பத்திரச் சிக்கலால் எந்த அட்டையும் இல்லாதவர்களுக்கும் அச்சலுகை எட்டவில்லை. யாருக்கு அதிக உதவி வேண்டுமோ, அவர்களே முழு விலையும் கொடுக்கிறார்கள்!

சலுகை விலை என்பது குடை போன்றது. மழை வலுக்கும்போது அது போதாது. பெட்ரோலை மலிவாக்குவது ஒரு வழி. பெட்ரோலே தேவைப்படாதவாறு வேலையைத் திருத்தி அமைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியைப் பற்றித்தான் நம்மவரிடையே பேச்சில்லை.

சட்டம் சொல்வது யாது?

2022-ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத்தில் நெகிழ்வு வேலை முறை என்ற புதிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்படி, தொழிலாளி ஒருவன் தன் வேலை நேரத்தையோ, வேலை நாட்களையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு முதலாளிக்கு எழுத்து மூலமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலமாக விடை தர வேண்டும். மறுத்தால், மறுப்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

நேரம், நாள், இடம் என்று சட்டம் மூன்றைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் நெகிழ்வு வேலை என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் யாது? கோலாலம்பூரில் ஒரு கனவான் வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு காப்பி அருந்தும் காட்சியே. "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு நம்மவர் அகன்று விடுகிறார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் கண்டு மற்ற இரண்டையும் கைவிட்டோம்.

அதே சட்டம் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45-ஆகக் குறைத்தது. சில நாட்களில் நேரத்தைக் குறைத்துக்கொண்டால், ஏனைய நாட்களில் எட்டு மணிக்கு மேல் ஒன்பது மணி வரை வேலை செய்ய இரு தரப்பும் உடன்படலாம் என்றும் அதில் இடமுண்டு. கிராணி புத்தியைக் கொண்டு இதைப் பெருக்கிப் பாருங்கள். ஆறு நாள், நாளுக்கு ஏழரை மணி, ஆக 45. ஐந்து நாள், நாளுக்கு ஒன்பது மணி, ஆக 45. உழைப்பு ஒன்றே, உற்பத்தி ஒன்றே, கூலியும் ஒன்றே. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் பயணம் மிச்சம். 26 நாள் ஓடியவன் 22 நாள் ஓடினால் போதும். காரில் வருபவனுக்கு மாதம் 50 வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும். எட்டு மணி நேரம் பிள்ளைகளோடு கழியும். இதற்கு முதலாளி ஒரு காசும் செலவிட வேண்டுவதில்லை. செலவில்லாத உதவியையும் செய்ய மறுப்பதற்குப் பெயர் என்ன என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

பயணம் எவருடையது?

"வழிப்பயணம் உன் சொந்தக் காரியம்" என்ற முதலாளியின் வாதத்தை இனி எடுத்துக்கொள்வோம். இவ்வாதம் சட்டத்துக்கே முரணானது. 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் சொக்சோ என்று வழங்குவது, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை வேலையால் நேர்ந்த விபத்தாகவே கொண்டு ஈடு கொடுக்கிறது. ஏன்? அப்பயணம் வேலைக்காகவே மேற்கொள்ளப்படுவது என்று சட்டம் ஒப்புக்கொள்வதனால். அப்படியானால், கால் ஒடிந்தால் மட்டும் அப்பயணம் வேலையின் பகுதி. பெட்ரோல் தீர்ந்தால் அது சொந்தக் காரியமா? ஜெராம் சாலையிலும் ஈஜோக் சாலையிலும் விழுந்து எழுந்தவனுக்குத்தான் அந்தப் பயணம் வேலையாகுமோ? விழாமல் பத்திரமாக வந்து சேர்பவன் செய்த குற்றம் என்ன?

"வேலைக்கு அருகிலே குடியேறட்டுமே" என்பார் மற்றொரு சாரார். ஐயா, நாங்கள் அருகிலேதான் குடியிருந்தோம்! தோட்டத்து லயம் தருமத்துக்காகக் கட்டப்பட்டதன்று. பால்மரம் வெயில் ஏறுமுன் சீவப்பட வேண்டும். குளிர்ந்த வேளையிலேதான் பால் நன்றாக வடியும். அவ்வேளைக்கு ஆள் வந்து சேர வேண்டுமானால் ஆள் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். ஆதலால் துரைமார் லயத்தைக் கட்டினார்கள். பயணச் செலவு அன்று முதலாளியின் கணக்கிலே இருந்தது. அதனால் அவர் பயணத்தையே இல்லாமற் செய்தார். 1917-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்திலே மலாயாவின் முதல் வாணிபச் செம்பனையை நட்டார். அன்று முதல் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் லயம் நின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக விலை போனபோதுதான் லயம் வீழ்ந்தது. குடிகள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறினார்கள். 2011-ஆம் ஆண்டு ஈஜோக்கையும் ரவாங் வட்டாரத்தையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. சாலை வந்தது; அதன் வழியே வேலை நம்மிடம் வரவில்லை; நாம்தான் வேலையைத் தேடி நெடுந்தூரம் ஓடக் கற்றோம். நிலத்தை விற்றவர் இலாபத்தை எடுத்துக்கொண்டார். நிலத்தை விட்டவன் தூரத்தைச் சுமக்கிறான். தூரத்தை உண்டாக்கியவன் தொழிலாளியல்லன் என்றால், அதன் செலவு முழுவதையும் அவன் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

மரத்துக்கு நேரமுண்டு, பேரேட்டுக்கு உண்டோ?

தோட்ட வேலை எல்லாவற்றையும் நெகிழ்த்த முடியாது என்பதை நான் அறிவேன். பால்மரம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. வெட்டிய செம்பனைக் குலையை நாட்கணக்கில் கிடக்க விட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆலையில் நீராவி ஏறியபின் காவலாளி வீட்டுக்குப் போக முடியாது. இவற்றைச் சொல்லி எதிர்ப்போர் நியாயமாகவே எதிர்க்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. மரத்தின் தேவைக்காக ஏற்பட்ட விடியற்காலைப் பெரட்டை, மரத்தோடு சம்பந்தமே இல்லாத வேலைகளுக்கும் நீட்டி, அதைக் கட்டுப்பாடு என்று கொண்டாடுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். இன்று நான் எழுதும் கணக்கு காட்டிலிருந்து கைத்தொலைபேசியிலே வருகிறது, கணினியிலே ஏறுகிறது, அன்றே தலைமை ஆபீசுக்குப் போய்விடுகிறது. அக்கணக்கை ஆபீசு நாற்காலியில் இருந்துகொண்டு கூட்டினாலும், வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு கூட்டினாலும் தொகை மாறாது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபோது, நாடெங்கும் எண்ணற்ற ஆபீசு வேலைகள் வீட்டிலிருந்தே நடந்தன. நோய்க்கு அஞ்சிச் செய்ய முடிந்ததை, வறுமைக்கு இரங்கிச் செய்ய முடியாதா?

"கண்காணிப்பு இல்லாவிட்டால் சோம்பல் வளரும்" என்பது அடுத்த ஆட்சேபம். இதைத் தோட்ட முதலாளி சொல்வதுதான் வேடிக்கை. குலைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று விளைவை அளந்து கூலி கொடுக்கும் முறையை நூறாண்டுகளாக நடத்தி வருபவர் அவரே. காட்டில் உழைப்பவனை அவன் கொண்டுவரும் எடையைக் கொண்டு அளக்கத் தெரிந்தவருக்கு, ஆபீசில் உழைப்பவனை அவன் முடிக்கும் வேலையைக் கொண்டு அளக்கத் தெரியாதோ? தெரியும். ஆனால் ஆள் எதிரே நின்றால்தான் அதிகாரம் அதிகாரமாகத் தோன்றுகிறது.

இம்மனப்பான்மைக்கு நம் வட்டாரத்திலே பழைய வரலாறு ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய தோட்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. கூலி உயர்வோடு அத்தொழிலாளர் கேட்டவற்றுள் ஒன்று யாதெனின், துரையையோ கிராணியையோ வழியிலே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். ஆயினும், சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லும் துணிவு இன்று எவருக்கும் இல்லை. வேலைக்குப் போகும் வழியிலே தொழிலாளியின் மானமும் அடங்கியிருக்கிறது என்பதை அன்றே நம் முன்னோர் கண்டார்கள். அன்று இறங்கச் சொன்னவர்களில் என் தொழிலைச் சேர்ந்த கிராணிமாரும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. இன்று ஒருவன் "ஆறு நாளை ஐந்தாக்கித் தாருங்கள்" என்று கேட்டு வரும்போது, "பெரிய மனிதனாகி விட்டாயோ?" என்று முதலில் எள்ளி நகையாடுவதும் பல இடங்களில் நம்மவனே. சைக்கிள் போயிற்று, அக்குணம் போகவில்லை.

பிற நாடுகள் காட்டும் பாடம்

எண்ணெய்ப் பஞ்சம் உலகுக்கு இதைக் கற்பித்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1973-ஆம் ஆண்டு, அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்து உலகமே திகைத்த அந்த ஆண்டிலேயே, அமெரிக்காவில் ஜாக் நில்லஸ் என்பார் தொழிலாளியை வேலைக்கு நகர்த்துவதற்குப் பதிலாக வேலையைத் தொழிலாளியிடம் நகர்த்தலாம் என்னும் கருத்துக்குப் பெயரிட்டு ஆராயத் தொடங்கினார். அண்மையில் இலங்கையைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கே ஒரு லிட்டர் பெட்ரோல் 470 ரூபாயை எட்டியது. அதுவும் கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அப்போது அந்நாட்டு அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கிப் பயணத்தைக் குறைத்தது.

ஆனால் இதிலே நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு நாள் விடுமுறை இலாபம். நாட்கூலிக்காரனுக்கோ ஒரு நாள் விடுமுறை ஒரு நாள் பட்டினி. ஆகவே நாம் கேட்பது நாளைக் குறைப்பதன்று. நாட்களைத் திருத்தி அடுக்குவது. கூலியில் ஒரு காசு குறையும் நெகிழ்வு எதுவாயினும் அதை நாம் ஏற்கலாகாது. நெகிழ்வு என்ற நல்ல பெயரைச் சூட்டி, வேலை உள்ளபோது அழைத்து இல்லாதபோது விரட்டும் தந்திரத்தைச் சில முதலாளிகள் புகுத்தக்கூடும். நெகிழ வேண்டியது வேலையின் அமைப்பு, தொழிலாளியின் வயிறன்று.

வேண்டுவன யாவை?

முதலாவது, வேலையின் தன்மை இடந்தரும் இடங்களிலெல்லாம் ஆறு நாள் வாரம், கூலி குறையாமல் ஐந்து நாள் வாரமாக வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஊரிலிருந்து வருவோருக்கு ஒரே வேலை நேரத்தைக் கொடுக்க வேண்டும். புக்கிட் ரோத்தானிலிருந்து நால்வர் ஒரே தொழிற்சாலைக்கு நான்கு வெவ்வேறு நேரங்களில் நான்கு வண்டிகளில் ஓடுவது யாருக்கு இலாபம்? நேரம் ஒன்றானால் ஒரு வண்டி போதும், செலவு காற்பங்காகும்.

மூன்றாவது, கணக்கும் எழுத்தும் சார்ந்த வேலையில் உள்ளோர் வாரத்தில் இரண்டு நாளேனும் வீட்டிலிருந்தோ, வீட்டுக்கு அருகிலுள்ள கிளை ஆபீசிலிருந்தோ வேலை செய்ய அனுமதி வேண்டும்.

நான்காவது, நெகிழ்த்த முடியாத வேலையில் உள்ள குலை வெட்டுவோர், ஆலையாள், காவலாளி, தாதி முதலியோருக்குத் தூரத்துக்கேற்பப் பயணப்படி கொடுக்க வேண்டும். நெகிழ்வைப் பெற முடியாதவனுக்கு ஈடாவது உண்டு என்றால்தான், இவ்வேற்பாடு ஆபீசுக்காரனுக்கு மட்டும் கிடைத்த இன்னொரு சலுகையாகச் சீரழியாது. நெகிழ்வு வேலைக்கென மென்பொருள் வாங்கும் முதலாளிக்கு 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வரிக்கழிவு அறிவித்த அரசாங்கம், பயணப்படி கொடுக்கும் முதலாளிக்கும் அவ்வாறே உதவலாம்.

ஐந்தாவது, மறுப்பதற்கான காரணம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. "வசதிப்படவில்லை" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு முதலாளி தப்பித்துக்கொள்ள அது வாயிலாகிறது. அவ்வாயில் அடைக்கப்பட வேண்டும்.

நம் கடமை

சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆயின. நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் இதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடக்கிறது. அதைப் படிக்கக்கூடிய நாமோ, ஆங்கிலப் பள்ளியிலே படித்த பெருமையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பிறருக்குப் படித்துச் சொல்லும் வேலையைத் தள்ளிப் போடுகிறோம். அறிவு ஒருவனிடம் அடைபட்டால் அது பூட்டிய பண்டகசாலை அரிசிதான்; ஊர்ப் பசிக்கு உதவாது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தாமானிலும் உள்ள படித்தவர்கள், கோயில் மண்டபத்திலோ வாசகசாலையிலோ ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டு, விண்ணப்பம் எழுதும் முறையைத் தமிழிலே விளக்கினால் போதும்.

தொழிலாளத் தோழர்களே! தனியாக ஒருவன் விண்ணப்பித்தால் அவன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறீர்கள். அவ்வச்சம் வீணென்று நான் சொல்லேன். ஆனால் ஒரே நாளில் நாற்பது பேர் நாற்பது தாள்களை நீட்டினால், குறித்து வைப்பதற்கு ஏட்டிலே இடம் போதாது. கொடுத்த தேதியை எழுதி வையுங்கள். 60 நாளை எண்ணுங்கள். மறுப்பு வந்தால் அத்தாளைச் சங்கத்தில் சேர்த்து வையுங்கள். தொழிற்சங்கங்கள் அம்மறுப்புகளைத் தொகுத்துத் தொழிலாளர் இலாகாவின் முன் வைக்கட்டும். எந்த முதலாளி என்ன காரணம் சொன்னார் என்பது ஊரறிய வெளிவரும் நாளில், காரணமில்லாத காரணங்கள் தாமே குறையும்.

எண்ணெய் விலை நாளை ஏறலாம், இறங்கலாம். அது நம் கையில் இல்லை. வேலைக்கு எத்தனை நாள், எந்நேரம், எவ்வளவு தூரம் ஓடுவது என்பதைக் கேட்கும் உரிமை நம் கையில் வந்திருக்கிறது. அவ்வுரிமையைக் கேளாமல் விட்டுவிட்டு எண்ணெய்க் கடைக்காரனை நொந்துகொள்வதிலே பயனில்லை. முதல் விண்ணப்பங்கள் இம்மாதமே எழுதப்படட்டும்.